யப்பான் கார்க்காரரின் ஓம்

வன்னியில் முதன்முதலாக யப்பான் கார் வைத்திருந்தவர் என்று அவரைப் பற்றி எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். வவுனியாவில் ஒரு முதலாளி அதற்கு முன்பே வைத்திருந்தார், மாங்குளத்தில் ஒரு டொக்டர் வைத்திருந்தார் என்று சாட்சிகளோடு வந்து நிற்பார்கள். ஆகவே இப்படி எழுதுகிறேன்: யப்பான் காரை வைத்துக்கொண்டு, அதற்காக ஒருவரோடும் சண்டை பிடிக்காத முதல் மனிதர் அவர்தான். இந்தப் பட்டத்துக்கு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. காரின் பெயரையும் எழுதப்போவதில்லை. முதலாமவருக்கு வெட்கமாக இருக்கும். இரண்டாவது விளம்பரமாகிவிடும், அந்தக் கம்பனிக்கு இப்போது என்னுடைய உதவி தேவையுமில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வட்டக்கச்சிக்கு வந்த குடும்பம். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். பகிடி விட்டுச் சிரிக்க வைப்பதில் பெயர் எடுத்தவன். பகிடி விடுகிறவன் பயந்தாங்கொள்ளியாக இருப்பான் என்பது அப்போது ஊருக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

கிளிநொச்சிச் சந்தியில் நின்ற வாடகைக் கார்கள் எல்லாம் இங்கிலாந்துக் கார்கள். வயது போனவை, ஆனால் மரியாதையானவை. கதவைச் சாத்தினால் பெட்டகத்தை மூடியது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே சனம் அவற்றில் ஏறியது. அந்த வரிசையின் கடைசியில் ஒருநாள் இவருடைய கார் வந்து நின்றது. வெளிர்நீலம். கதவைச் சாத்தினால் தகர பிஸ்கற் பேணியை மூடிய சத்தம்.

அந்த நாளில் 'யப்பான் சாமான்' என்பது ஒரு வசவு. முறுக்கி விட்டால் இரண்டு தரம் ஓடி மூன்றாம் தரம் வில்லுக் கழன்று விழும் தகர விளையாட்டுச் சாமான்களை, உலக யுத்தத்துக்கு முந்திய ஆட்கள் மறந்திருக்கவில்லை. குடை காற்றுக்குப் புரண்டால் யப்பான். பேனை கசிந்தால் யப்பான். கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையைப் பிடிக்காவிட்டாலும், 'ஆள் யப்பான் சாமான்' என்று சொல்லித் தரகரை அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு அந்தக் கார் ஒரு பெருநாள்.

"என்ன அண்ணை, உது காரோ, பிஸ்கற் பேணியோ?"

"பேணி மாதிரித்தான் கிடக்கு, ஓம்."

"மழைக்கு உக்கிப் போகுமாம்."

"ஓம். அப்பிடித்தான் சொல்லுகினம்."

"உதில போறதிலும் பார்க்க நடந்து போகலாம்."

"ஓம். ஏறுங்கோவன், போவம்."

கேட்டவர் அதற்குள் ஏறி உட்கார்ந்திருப்பார். ஏறிய பிறகுதான் ஏறியது தெரியும்.

நான் இதைப் பல தடவை பார்த்தேன். வம்புக்கு இழுக்கிறவனுக்கு ஒரு எதிர்ப்பிடி வேண்டும். இவரிடம் அது கிடையாது, 'ஆம்' என்பதற்கு எங்கள் ஊர் சொல்லும் அந்த 'ஓம்'தான் இருந்தது. உயரமான, கறுத்த, சாவகாசமான மனிதர். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற வேதக்காரக் குடும்பம். காரின் முகப்பில் மாதா படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், காரில் ஏறி இறங்கிய சைவர்கள் செருகிவிட்டுப் போன திருநீற்றுப் பொட்டலங்கள். எதையும் எடுத்து எறிந்ததில்லை. மாதாவும் ஆட்சேபிக்கவில்லை.

கந்தோர் வேலையாக நான் அடிக்கடி அவருடைய காரில் வாய்க்கால் பார்க்கப் போவேன். ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் அந்தக் கார்க் கம்பனியின் பூர்வீகம் வந்திருந்தது. அதை வாசித்த நாள் முதல் எனக்கு நித்திரை இல்லை. எப்போது விடியும், எப்போது அவரைச் சீண்டலாம் என்று கிடந்தேன்.

"அண்ணை, உங்கட கார்க் கம்பனிக்காரர் முதல்ல என்ன செய்தவை தெரியுமோ?"

"என்ன செய்தவை?"

"நெசவுத் தறி. துணி நெய்யிற தறி."

"அப்பிடியோ."

"தறி செய்தவன் கார் செய்தால் என்ன நடக்கும்? நூல் நூலாய்க் கழண்டு போகும்."

"ஓம்." கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார்: "நல்ல தறியோ?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. வாசித்ததை நினைவுபடுத்திச் சொன்னேன். "ஒரு நூல் அறுந்தாலும் தறி தானாய் நிண்டிடுமாம். பிழைத் துணி நெய்யாதாம்."

"அப்ப நல்ல தறிதான்," என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

நான் விடவில்லை. அந்தக் காரை அமெரிக்காவுக்கு முதன்முதல் கொண்டுபோய் இறக்கியபோது மேடு ஏற மாட்டாமல் கொதித்துப் போனதாம், அங்கே சிரித்தார்களாம் என்றேன். "ஓம், கொதிக்கும்தானே," என்றார். அந்தச் சஞ்சிகை முழுவதும் அவரிடம் இப்படிச் செலவழிந்து போயிற்று.

அந்தக் காரை ஏன் வாங்கினார் என்று நேரே கேட்டதற்கு மட்டும் ஒருமுறை ஓம் தவிர்த்து ஒரு கதை சொன்னார். முல்லைத்தீவுக்கு நைலோன் வலை முதலில் யப்பானிலிருந்துதான் வந்தது. அதுவரை நூல் வலை. ஒவ்வொரு நாளும் காயப்போட வேண்டும், சாயம் தோய்க்க வேண்டும், அப்படியும் உக்கிவிடும்.

"எங்கட ஆக்கள் சிரிச்சவை தம்பி. உது கண்ணாடி நூல், மீன் வழுக்கிப் போயிடும், யப்பான்காரன் ஏமாத்திறான் எண்டு. மீனுக்கு அது யப்பான் எண்டு தெரியேல்லை. வந்து பட்டுது."

அவ்வளவுதான். அந்த நைலோன் நூலில் ஒரு பெரிய உருண்டை எப்போதும் அவருடைய டிக்கியில் கிடக்கும். காரில் எது ஆடினாலும் அதனால் ஒரு கட்டுப் போடுவார். கடல்காரர் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். உருண்டையைக் காட்டி, "இதுவும் யப்பான்தான்," என்பார்.

எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லும் மனிதர் என்று நான் அவரைப் பற்றி முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்த முடிவு ஒரு மார்கழி மாதத்தில் வட்டக்கச்சி ரோட்டில் தண்ணீரோடு போனது. இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்திருந்தார்கள். ரோட்டின் பள்ளத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. கார் அதன் விளிம்பில் நின்றது.

"அண்ணை, போகுமோ?"

"போனால் தெரியும்."

"தெரியாமல் எப்பிடிப் போறது?"

"ஓம்," என்று சொல்லிக் கியரைப் போட்டார்.

நான் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்தேன். தண்ணீர் கதவுக்கு வந்ததும் மடியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலைக்கு எடுக்கும்போது அதை யாரும் கேட்கவில்லை. பிள்ளையாரைக் கூப்பிட்டேன். முகப்பிலிருந்த மாதாவையும் ஒரு காப்புக்குக் கூப்பிட்டேன். அக்கரை ஏறி வெகுதூரம் போன பிறகும் சப்பாத்து என் தலையில்தான் இருந்ததாக அவர் சந்தியில் சொன்னார். நான் அதை மறுத்தேன். அவர், "ஓம், இருக்கேல்லை," என்றும் ஒத்துக்கொண்டார். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். காரைப் பற்றி, யப்பானைப் பற்றி, தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஓம். ஆனால் ரோட்டைப் பற்றி ஒருவருக்கும் ஓம் சொன்னதில்லை. பெரிய எஞ்சினியர் பின்சீற்றிலிருந்து, "கூட்டத்துக்கு நேரத்துக்குச் சேர்ந்திடுவமோ?" என்று கேட்டாலும், "போனால் தெரியும் ஐயா." எஞ்சினியர் கோபிப்பார். கோபிப்பதற்கும் ஓம் சொல்லுவார்.

"ஏன் அண்ணை, ஆரோடையும் ஒரு வாய் எதிர்த்துக் கதைக்க மாட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னால் ஆக்கள் ஏறி இருப்பினம். இல்லை எண்டு சொன்னால் ரோட்டில நிண்டு கதைப்பினம்."

பல வருடங்களுக்குப் பிறகு காற்று மாறியது. அதே தேத்தண்ணிக் கடையில் அதே வாய்கள், 'யப்பான்காரன் யப்பான்காரன்தான், இங்கிலாந்துக்காரனுக்குக் கை நடுங்குது,' என்று சொல்லத் தொடங்கின. கலியாணத் தரகர்மாரும் மாப்பிள்ளையைப் புகழவே, 'ஆள் யப்பான் சாமான்' என்று சொல்லப் பழகினார்கள். அவரிடம் போய், "அண்ணை, நீங்கள் அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டியள்," என்றார்கள். "ஓம்," என்றார். பிஸ்கற் பேணிக்குச் சொன்ன அதே ஓம். ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இனி என்னுடைய கலியாணம், அந்தக் காற்று மாறத் தொடங்கியிருந்த நேரம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன்.

பெண் வீடு கனகராயன்குளம். பெண்ணின் தகப்பனார் வயலும் வாயும் உள்ள மனிதர். வாலிப வயதில் திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியத்தில் வேலை செய்தவர். யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட காலையில் அங்கேதான் நின்றார். வலது காது அன்றோடு போயிற்று. யாரோடு கதைத்தாலும் தலையைத் திருப்பி இடது காதைத் தருவார். அவருடைய வீட்டுக்குள் யப்பான் சாமான் ஒன்றும் போகக்கூடாது. ஒரு ரோச் லைற் போய், அது கிணற்றுக்குள் போனதாகக் கதை.

சம்பந்தம் பேசப்போன அன்று அவர் சீதனம், நாள், நட்சத்திரம் எல்லாம் பேசி முடித்துக் கடைசியாக ஒன்று சொன்னார்.

"மாப்பிள்ளை சைக்கிளில வரட்டும், மாட்டு வண்டிலில வரட்டும், நடந்து வரட்டும். யப்பான் காரில வரப்படாது. வந்தால் படலையில வைச்சே திருப்பிப் போடுவன். பகிடிக்குச் சொல்லேல்லை."

என்னுடைய பெரியமாமா நெஞ்சை நிமிர்த்தினார். ஓய்வுபெற்ற தபாலதிபர். அவரிடம் ஒரு இங்கிலாந்துக் கார் இருந்தது. அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் குளிப்பாட்டுவார். "நான் உயிரோட இருக்கேக்க யப்பானோ?" என்றார்.

ஆனால் பெரியமாமாவின் காரில் மாப்பிள்ளையும் அவரும்தான் மரியாதையாகப் போகலாம். அம்மாவும் அக்காவும் பலகாரத் தட்டங்களும் போக இன்னொரு கார் வேண்டும். முகூர்த்த நாளாகையால் சந்தியில் நின்ற எல்லாக் கார்களும் போய்விட்டன, ஒன்றைத் தவிர. மாமா அவரைக் கூப்பிட்டுத் திட்டத்தை விளக்கினார். பெண் வீட்டுக்கு முன்னால் ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே ஒரு பாலை மரம் நிற்கிறது, அதன் மறைவில் பெண்களை இறக்கிவிட்டு அங்கேயே ஒளிந்து நிற்க வேண்டும்.

"விளங்குதோ? உம்மட காரை அவர் காணப்படாது."

"ஓம்."

அன்று காலை மாமாவின் காரை அலங்கரித்தார்கள். சாதாரணமாக ஒரு மாலை போடுவார்கள். மாமாவுக்கு அது காணாது. குலையோடு இரண்டு வாழை, முன் பம்பரின் இரு பக்கமும். அவற்றுக்கு நடுவே மாவிலை, தென்னோலைத் தோரணம். அதன் மேல் பூமாலைகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. எஞ்சினை மூடும் பொனற்றின் மேலாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டு. கட்டுவதற்குக் கயிறு தேடினார்கள். யப்பான் காரின் டிக்கியில் நூல் உருண்டை இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"ட்றைவர், நல்லா இறுக்கிக் கட்டும். ஆடப்படாது, அசையப்படாது," என்றார் மாமா.

"ஓம்."

அவர் கட்டினார். வலைக்கு மிதப்புக் கட்டுகிற கவனத்தோடு கட்டினார். மாமா வாழையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கார்தான் ஆடியது.

"கனகராயன்குளம் மட்டும் நிக்குமோ?"

"போனால் தெரியும்."

காரின் முகம் நெற்றி முதல் நாடி வரை மறைந்துவிட்டது. அம்மா கண்ணூறு கழித்தார். சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்து நசித்தோம். ஒரு கார் மூச்சு விடுவது முகத்தால் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பயணம் நலமாக முடிய வேண்டி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனங்களும் நிற்கும். நாங்களும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். யப்பான் கார்க்காரர் வழக்கம்போல ஆசனத்திலேயே இருந்தார். அவர் முறிகண்டியில் ஒருநாளும் நிற்காமல் போனதில்லை, ஒருநாளும் இறங்கியதுமில்லை. "பிள்ளையாரோட எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அவர் தன்ர வேலையைப் பாக்கிறார்," என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

முறிகண்டி தாண்டிக் காடு தொடங்கியது. முன்னால் பூக்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பியது.

"மாமா, புகை," என்றேன்.

"பனி," என்றார் மாமா.

ஆவணி மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பனி விசிலடிக்கத் தொடங்கியது. கார் இருமி, ஒரு தரம் துள்ளி, நின்றது.

பொனற்றைத் திறந்தால் தண்ணீர் ஊற்றலாம். பொனற்றைத் திறக்க நூலை அவிழ்க்க வேண்டும். நூல் அவிழாது. தறி செய்த நாட்டின் நூல். அறுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று வாசித்திருந்தேன், இது அறாமலே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. மாமா இழுத்தார், இறுகியது. நான் பல்லால் கடித்தேன். பட்டு வேட்டி, தலைப்பாகை, சந்தனப் பொட்டு, வாயில் நைலோன். அந்த வழியே போன பஸ்ஸில் இருந்த சனம் எழும்பி நின்று பார்த்தது.

கடைசியில் சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்த ஒருவரின் கத்தியால் அறுத்தோம். பொனற்றைத் திறந்ததும் ரேடியேற்றர் குழாய் வெடித்துத் தொங்கியது. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவ்வளவும் பனியாகப் போய்விட்டது.

பின்னால் நின்ற வெளிர்நீலக் காரை மாமா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். முகூர்த்தம் பத்தரைக்குள். பெண்ணின் தகப்பனார் பகிடிக்குச் சொல்லவில்லை. போகாவிட்டால் கலியாணம் இல்லை, போனாலும் கலியாணம் இல்லை. ஓடிவிடலாமோ என்று காட்டைப் பார்த்தேன், பட்டு வேட்டியோடு அதற்கும் வழியில்லை.

மாமா தேறிக்கொண்டார். முகத்தை மறைத்துவிட்டால் என்ன கார் என்று யாருக்குத் தெரியும் என்பது அவருடைய யோசனை.

"ட்றைவர், கெதியா உந்த வாழையையும் மாலையையும் உம்மட காருக்கு மாத்திக் கட்டும். ஒரு இடமும் தெரியப்படாது."

"இல்லை."

காட்டில் ஒரு குருவி கத்துவது தெளிவாகக் கேட்டது. அவரிடம் அப்படி ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அது புதிதுபோல இருந்தது.

"என்ன இல்லை?" என்றார் மாமா.

"கட்டேலாது. ஏறுங்கோ."

ஏறினோம். வாழைகளை இங்கிலாந்துக் காரிலேயே சாத்திவிட்டு வந்தோம். பிறகு அந்த வழியால் போன லொறிக்காரர் எல்லாம் கலியாணம் காட்டுக்குள்தான் என்று நினைத்து ஹோர்ன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்களாம்.

மாமா முன்னால். நான் பின்னால், அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில், மடியில் பயத்தம் பணியாரத் தட்டம்.

"அண்ணை, நேரத்துக்குப் போயிடுவமோ?"

"போனால் தெரியும்."

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுறனீங்கள். இதுக்கும் ஒருக்கால் சொல்லுங்கோவன். பொய்யெண்டாலும் பறவாயில்லை."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"பேசாமல் இரடா," என்றாள் அக்கா. "உன்ர வேர்வை பணியாரத்தில விழுது."

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அது ஒரு முறையும் முனகவில்லை. எனக்கும் சேர்த்து அது அமைதியாக இருந்தது.

திருப்பம் வந்தது. பாலை மரம் வந்தது. திட்டப்படி அவர் காரை அதன் மறைவுக்குத் திருப்பினார். அங்கே நிழலில் பெண்ணின் தகப்பனார் நின்றார். நேரமாகிவிட்டதே என்று ரோட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் காணக்கூடாத கார் நேரே அவருடைய காலடியில் போய் நின்றது.

மாமா பாய்ந்து இறங்கினார். "இது ஜேர்மன்..." என்று தொடங்கினார்.

பெண்ணின் தகப்பனார் அவரைப் பார்க்கவில்லை. சாரதியின் பக்கம் வந்து குனிந்து, இடது காதைத் திருப்பினார்.

"என்ன கார் உது?"

"யப்பான், ஐயா."

"யப்பானோ?"

"ஓம்."

"திருகோணமலையில குண்டு போட்டவங்கள்."

"ஓம்."

"என்ர இந்தக் காது அவங்கள் கொண்டுபோனது. பக்கத்தில நிண்ட பெடியன் பிறகு எழும்பேல்லை. என்னிலும் இளையவன்."

"ஓம்." இது கொஞ்சம் மெதுவாக வந்தது.

"அது பழங்கதை, இப்ப அவங்கள் திறமான சாமான் செய்யிறாங்கள், மறவுங்கோ எண்டு எல்லாரும் எனக்குச் சொல்லுறவை. நீர் உந்தக் காரை ஓட்டுறனீர். நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா. அவங்கள்தான் போட்டவங்கள்."

பெண்ணின் தகப்பனார் நிமிர்ந்தார். இன்னும் ஏதோ கேட்க வாய் எடுத்தார். கேட்பதற்கு மிச்சம் இருக்கவில்லை. இவ்வளவு காலமும் அவர் சொன்னதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒருவர் இருந்த இடத்தில் இருந்தபடி ஓம் சொல்லிவிட்டார். அவர் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு வயலைப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் ஒரு பணியாரத்தை வாய்க்குள் போட்டிருந்தேன் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. பயத்தில் கை என்ன செய்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

"கார் வளவுக்குள்ள வரப்படாது," என்றார் கடைசியில்.

"ஓம்."

"தம்பி, இறங்கி நடவும். ஐயர் கத்திக்கொண்டு நிக்கிறார்." திரும்பவும் குனிந்தார். "நீர் காருக்கை இருக்கிறேல்லை. வந்து சாப்பிடும்."

"ஓம்," என்றார் அவர்.

தாலி கட்டினேன். தலைப்பாகையில் பயத்தம்மாத் தூளோடு ஒரு மாப்பிள்ளையைக் கண்டதாக என் மனைவி இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பின்னேரம் நாங்கள் பெண்ணோடு கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்கு, வட்டக்கச்சிக்குப் போகவேண்டும். மாமாவின் கார் காட்டில் கிடந்தது. இருந்தது ஒரு கார்தான். பெண்ணின் தகப்பனார் மகளோடு திருப்பம்வரை நடந்து வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விரலை மடக்கிக் கதவில் தட்டிப் பார்த்தார். தகரம் தகரமாகவே சத்தம் போட்டது. மகள் ஏறி இருந்ததும் கதவைத் தானே சாத்தினார். பிஸ்கற் பேணி மூடியது.

"பூட்டுப்பட்டுதோ?"

"ஓம்."

அவருடைய கை கதவை விடவில்லை. குரல் இறங்கிவிட்டது. "பிள்ளையைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுவீர்தானே?"

இதற்குக் கார்க்காரரிடம் என்ன பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எஞ்சினியருக்கும் அதைத்தான் சொன்னவர். அந்தப் பதிலை இந்த மனிதரின் இடது காதுக்குள் சொன்னால் கதவு திறக்கும், பெண் இறங்குவாள். நான் கண்ணை மூடினேன்.

கார்க்காரர் முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தார்.

"ஓம், ஐயா," என்றார். "சேர்ப்பன்."

கை கதவை விட்டது.

அன்றைக்கு அவர் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பள்ளம் கண்டால் நின்றார். மாடு கண்டால் நின்றார். மாடு இல்லாத இடத்திலும் அது வந்தாலும் வரும் என்று நின்றார். காலையில் கத்தி தந்த விறகுக்காரர் விறகோடு எங்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

என் மனைவி என்னோடு பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. "கார் பழுதோ?" என்று கேட்டாள், மெதுவாக.

"இல்லை. வாக்குக் குடுத்திட்டார்," என்றேன்.

முறிகண்டியில் நின்றோம். நான் தேங்காயோடு இறங்கினேன். அடுத்த கதவும் திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் இறங்கி நின்றார். கடையில் ஒரு தேங்காய் வாங்கினார். செருப்பைக் கழற்றிக் காருக்குக் கீழே தள்ளினார். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், முன்னால் நின்ற பஸ்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்தார். பிறகு கையை ஓங்கி ஒரே அடியாக உடைத்தார். உடைத்துவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்கு இதைவிட வாய்ப்பான பகிடி வாழ்நாளில் கிடைத்ததில்லை. வாய்வரை வந்தது. ஆனால் அவர் செருப்பைக் கொழுவும்போது கால் செருப்பைத் தேடித் தடவியது. அதைக் கண்டேன். காலையிலிருந்து என்னுடைய காலும் அப்படித்தான் இருந்தது.

"என்ன அண்ணை," என்று கேட்டேன், "பயமோ?"

"ஓம்," என்றார்.